டீ நிறத்தில் விழும் பேரருவி... கயானா காட்டின் மேலே ஒரு பறவைப் பார்வை!

விமானம் ஏறும் முன் பெட்டியை எடை போடுவார்கள். ஆளையே எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் கயானா நாட்டில் உள்ளூர் விமானம் ஏற வருபவர்களுக்கு இது பழகிய விஷயம். தலைநகர் ஜார்ஜ்டவுன் அருகில் உள்ள ஓகிள் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் அவ்வளவு சிறியவை. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பாரம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, ஆள் எடையைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்குவார்கள்.

இத்தனையும் ஓர் அருவியைப் பார்க்க. அதன் பெயர் கையட்டூர். பொட்டாரோ என்ற ஆறு, மலைமேட்டின் விளிம்பிலிருந்து 226 மீட்டர் ஆழத்துக்கு ஒரே பாய்ச்சலாகக் குதிக்கிறது. ஏறக்குறைய 70 மாடிக் கட்டடத்தின் உயரம். நயாகராவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இதைவிட உயரமான அருவிகள் உலகில் இருக்கின்றன. இதைவிட அதிகத் தண்ணீர் கொட்டும் அருவிகளும் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு உயரத்திலிருந்து, நடுவில் எங்கும் தடுக்கி நிற்காமல் விழும் இடங்கள் மிகச் சிலவே.

ஒரு மணி நேரப் பச்சை

ஜார்ஜ்டவுனிலிருந்து கையட்டூருக்குத் தரைவழியாகவும் போகலாம். அதற்குச் சில நாட்கள் ஆகும். லாரி தடம், படகு, காட்டுக்குள் நடை என்று மாறி மாறிப் போக வேண்டும். அதனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது ஒரு மணி நேர விமானப் பயணத்தைத்தான்.

கடற்கரை ஓரத்துக் கரும்பு வயல்களும் நெல் வயல்களும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. கயானாவின் மக்கள் தொகை சுமார் 8 லட்சம்தான். அவர்களில் பெரும்பாலோர் வாழ்வது இந்தக் குறுகிய கடலோரப் பட்டையில். அதற்கு அப்பால் ஊர் அரிது, தெரு அரிது, விளக்குக் கம்பம் அரிது. நாட்டின் நிலப்பரப்பில் 80 சதவிகிதத்துக்கும் மேல் காடு. மேலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிவைத்த காலிபிளவர் பூக்கள் போல மரத் தலைகள், தொடுவானம் வரை. அவ்வப்போது அதன் நடுவே ஓர் ஆறு வளைந்து போகும்.

அந்த ஆறுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பயணத்தின் சேதி அங்கேதான் இருக்கிறது.

இரண்டு டீ

சில ஆறுகள் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் ஓடுகின்றன. ஆழமான இடத்தில் கறுப்பாகவும், வெயில் படும் ஆழமில்லாத இடத்தில் பழுப்புப் பொன்னாகவும் தெரிகின்றன. பார்த்தால் அழுக்கு என்று தோன்றும். ஆனால் அது அழுக்கல்ல. காட்டில் உதிரும் இலைகள் தண்ணீரில் ஊறி, டானின் என்ற பொருளை விடுகின்றன. டீத்தூளிலிருந்து வெந்நீரில் இறங்குவதும் அதே வகைப் பொருள்தான். பொட்டாரோ ஆற்றுக்கு இந்த நிறம் கிடைப்பது இப்படித்தான். காடு முழுவதும் சேர்ந்து போட்ட டீ என்று சொல்லலாம்.

வேறு சில இடங்களில் ஆறு பால் கலந்த டீ போல வெளுத்து, கலங்கி ஓடுகிறது. கரையோரத்தில் பச்சை பிய்ந்து, மஞ்சளும் சாம்பலுமாகக் குட்டைகள் கிடக்கின்றன. அவை தங்கச் சுரங்கங்கள். சுரங்கம் என்றதும் பூமிக்குள் இறங்கும் குகையை நினைக்க வேண்டாம். மரங்களை வெட்டி, பலமான தண்ணீர்க் குழாயால் மண்ணைப் பீய்ச்சிக் கரைத்து, அந்தச் சேற்றிலிருந்து தங்கத் துகளைப் பிரிக்கும் திறந்தவெளிப் பள்ளங்கள். துகள்களைச் சேர்த்துப் பிடிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சிய பாதரசம் ஆற்றில் இறங்கி, மீனுக்குப் போய், மீனைச் சாப்பிடும் மனிதர்களுக்கும் போகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தை 2014-ல் கயானாவும் ஏற்றிருக்கிறது. ஆனாலும் தங்கம் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது.

படகில் போகிறவருக்கு ஒரு வளைவு மட்டுமே தெரியும். நடந்து போகிறவருக்கு நாலு மரம்தான் தெரியும். எது காடு போட்ட டீ, எது மனிதன் கலக்கிய டீ என்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, மேலே இருந்துதான் முடியும்.

கீழே அருவி!

காடு திடீரென்று அறுபட்டு, கீழே ஒரு பெரிய பள்ளத்தாக்கு திறக்கும். அதன் தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கோடு. முதல் பார்வையில், 'இவ்வளவுதானா?' என்றுகூடத் தோன்றலாம். சுற்றியிருக்கும் காட்டின் பரப்பு அப்படி. விமானம் நெருங்கி, பள்ளத்தாக்கின் மேலே சாய்ந்து திரும்பும்போதுதான் அளவு புரிகிறது. சுமார் 100 மீட்டர் அகலத்தில் ஆறு விளிம்பைத் தாண்டுகிறது. தாண்டும் இடத்தில் டீ நிறம், பாதி வழியில் வெள்ளை, அடியில் வெறும் புகை.

பொதுவாக விமானி ஒரு பக்கம் ஒரு சுற்று, மறுபக்கம் ஒரு சுற்று என்று வட்டமிடுவார். இரண்டு பக்க ஜன்னல்காரர்களுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் சில நொடிகள்தான். அதற்குள் படம் எடுக்கச் சில வழிகள்:

* இந்த வகை விமானங்களின் இறக்கை தலைக்கு மேலே இருக்கும். கீழே பார்க்கத் தடை இல்லை. இறக்கையைத் தாங்கும் கம்பியும் சக்கரமும்தான் குறுக்கே வரும். இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பின்வரிசை நல்லது.

* கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை ஜன்னலில் பிரதிபலித்து, அருவிக்கு நடுவே உங்கள் மார்பு தெரியும்.

* போனை ஜன்னலுக்கு மிக அருகில் பிடியுங்கள். ஆனால் ஒட்ட வைக்காதீர்கள். ஒட்டினால் இன்ஜின் அதிர்வு படத்தில் இறங்கிவிடும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.

* போன் தானாக ஜன்னல் கீறலுக்கு ஃபோகஸ் செய்யப் பார்க்கும். திரையில் தூரத்துக் காட்டைத் தொட்டு அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறையுங்கள். இல்லாவிட்டால் அருவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

* கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் ஜன்னலோடு சேர்ந்து வானவில் கோடுகளைக் காட்டும்.

* ஜூம் செய்து அருவியை மட்டும் பிடிக்காதீர்கள். காட்டோடு சேர்த்து எடுங்கள். மனிதக் கட்டடம் ஒன்றுகூட இல்லாத அந்தப் பச்சைதான் அருவியின் உயரத்துக்கே அளவுகோல்.

புட்டிக்குள் ஒரு குடும்பம்

மலைமேட்டில் ஒரு சிறு ஓடுபாதை இருக்கிறது. அங்கிருந்து அருவிக்குக் கால் மணி நேர நடை. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது. பாறை விளிம்பில் கம்பிவேலி கிடையாது. 'இதற்கு மேல் போகாதீர்கள்' என்று வழிகாட்டி சொன்னால் அதுதான் வேலி.

பாதையோரம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் ராட்சதச் செடிகள். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலைகளின் இடுக்கில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சுமார் இரண்டு சென்டிமீட்டரே உள்ள தங்கநிறத் தவளைக்கு வீடு. முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று அதன் வாழ்க்கை முழுவதும் இந்தச் செடியிலேயே நடக்கிறது. தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து ஒரு தண்ணீர்க் குழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அப்பா தவளையின் வேலை. விமானத்திலிருந்து பார்த்தபோது பச்சைப் புள்ளியாகக்கூடத் தெரியாத ஒரு செடிக்குள் ஒரு குடும்பமே நடக்கிறது!

பெயருக்குள் இரண்டு கதை

1870 ஏப்ரலில் சார்லஸ் பேரிங்டன் பிரவுன் என்ற பிரிட்டிஷ் அரசு நிலவியலாளர் இங்கே வந்தார். அவர்தான் கண்டுபிடித்தார் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அவருக்கு வழி காட்டியதே உள்ளூர்ப் பழங்குடியினர்தான். பட்டமோனா மக்களுக்கு இந்த அருவி எப்போதோ தெரியும்.

பெயர் வந்த கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கை என்ற தலைவன், பகைவர்களிடமிருந்து தன் மக்களைக் காக்க, மக்கோனைமா என்ற பெருந்தெய்வத்துக்குத் தன்னையே பலியாகக் கொடுத்து, ஓடத்தோடு அருவியில் இறங்கினான் என்பது ஒன்று. பாரமாகிவிட்ட ஒரு கிழவரைச் சொந்தக்காரர்களே ஓடத்தில் ஏற்றித் தள்ளிவிட்டார்கள் என்பது இன்னொன்று. சுற்றுலாப் பயணிகளுக்கு அதிகம் சொல்லப்படுவது முதல் கதைதான்!

மதராஸிகளின் நாடு

நமக்கும் இந்த நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படி வந்தவர்களின் வாரிசுகளை அங்கே இன்றும் 'மதராஸி' என்றே சொல்கிறார்கள். தமிழ் பேச்சில் இல்லாமல் போனாலும், தப்பு கொட்டி மாரியம்மனைக் கும்பிடும் கோயில்கள் கடலோர ஊர்களில் இருக்கின்றன.

சுருங்கி விரிந்த எல்லை

1929-லேயே கையட்டூர் தேசியப் பூங்காவாகிவிட்டது. ஆனால் பூங்கா என்று அறிவித்தால் மட்டும் போதாது என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. 1973-ல் அதன் எல்லையைப் பெரிதும் சுருக்கினார்கள். 1999-ல்தான் 627 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2009-ல் கயானாவோடு நார்வே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. காட்டை அழிக்காமல் வைத்திருந்தால் 25 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. வெட்டினால்தான் மரத்துக்கு விலை என்ற கணக்கு, நின்றாலும் விலை உண்டு என்று மாறத் தொடங்கியது.

போகிறவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்குவது டிமேரியில் உள்ள செட்டி ஜகன் விமான நிலையத்தில். கையட்டூர் விமானம் கிளம்புவது ஓகிளில். இரண்டும் வேறு வேறு ஊர்! போதிய பயணிகள் சேர்ந்தால்தான் விமானம் கிளம்பும். மேகம் மூடினால் பயணம் ரத்தாகும். அதனால் கையில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் ஜூலை வரை மழைக்காலம், அருவி முழு உடம்போடு இருக்கும், ஆனால் மேகமும் அதிகம். செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளிவு, தண்ணீர் குறைவு. முன் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட முடியாது.

முக்கியமான ஒன்று: கயானாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

காட்டாத படம்

இந்தக் காட்டை மேலிருந்து படம் பிடிக்கவே ஒருவர் வானூர்தி செய்துகொண்டு வந்தார். கிரஹாம் டாரிங்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஹீலியம் நிரப்பிய வெள்ளைப் பலூன் கப்பல். இன்ஜின் சத்தத்தில் விலங்குகள் ஓடாமல், மரத் தலைகளை ஒட்டி மெதுவாக மிதந்து படம் எடுப்பது அவர் கனவு. 1993-ல் சுமத்ராவில், அவர் செய்த முந்தைய ஊர்தியில் பறந்த டீட்டர் பிளாகே என்ற ஒளிப்பதிவாளர் விபத்தில் இறந்திருந்தார். அந்தத் துயரத்தைச் சுமந்தபடிதான் டாரிங்டன் கையட்டூருக்கு வந்தார். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் இதை 'தி வைட் டைமண்ட்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். படம் 2004-ல் வெளியானது.

அருவிக்குப் பின்னால் ஒரு பெரிய குகை இருக்கிறது. மாலையானதும் ஆயிரக்கணக்கான உழவாரக் குருவிகள் வானத்திலிருந்து அம்பு போல இறங்கி, நீர்த்திரைக்குப் பின்னால் போய் அடைகின்றன. மக்கோனைமாவின் பறவைகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். அந்தக் குகைக்குள் என்ன இருக்கிறது? படக்குழுவில் ஒருவர் கயிற்றில் தொங்கி, கேமராவால் அதைப் பதிவு செய்தார். ஆனால் அதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அது அவர்கள் புனிதமாக மதிக்கும் இடம். ஹெர்சாக் சம்மதித்தார். அந்தக் காட்சி படத்தில் இல்லை.

பொட்டாரோ இன்றும் அந்தக் குகையை மறைத்தபடி டீ நிறத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. மேலே உள்ள காடு நிற்கும்வரை அந்த நிறம் மாறாது.