மூட்டினுள் மூளும் தீ

கோயில்களாலும் பட்டினாலும் புகழ்பெற்ற ஊர் காஞ்சிபுரம். அந்நகரின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் செல்வோர் செவியில் தறியின் ஓசை விழும். பாவில் அறுந்த மெல்லிய இழையைத் தேடி முடிவதும், சேலையின் கரையை உடலோடு கோர்வையால் இணைப்பதும், தார் சுற்றுவதும் விரல்களின் தொழில்களே. ஆதலின், நெசவுக் குடும்பத்தார்க்கு விரல் மூட்டுகளே பெருஞ்செல்வம் எனலாம். அம்மூட்டுகளைச் சிதைக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதனை முடக்குவாதம் என்பர்.

இந்நோய் தறியில் உழைப்பதனால் வருவதன்று. உழைப்பினாலும் முதுமையினாலும் மூட்டுத் தேய்வது வேறு, முடக்குவாதம் வேறு. இஃது எத்தொழிலினர்க்கும் வரும். ஆடவரைவிடப் பெண்டிரையே 2 முதல் 3 மடங்கு மிகுதியாகப் பற்றும். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடற்காவற்படை, நம் மூட்டுகளையே பகையென மயங்கித் தாக்குவதே இதன் இயல்பு.

அத்தாக்குதலில் அப்படை ஏந்தும் கருவி யாது? அதனை அறிய அடுக்களைக்குச் செல்வோம். வாழைப்பூவை அரிந்து அப்படியே வைத்தால் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் என்னும் உயிர்வளி அதன் சாற்றோடு கூடுவதே காரணம். இதனை ஆக்சிஜனேற்றம் என்பர். நம் தாய்மார் அதனைத் தடுக்கவே, அரிந்த பூவை உடனே மோர் கலந்த நீரில் இடுகின்றனர்.

நம் உடலினுள்ளும் ஆக்சிஜனேற்றம் ஓயாது நிகழ்கின்றது. அப்போது உயிர்வளியின் ஒரு சிறு பகுதி, சூப்பராக்சைடு போன்ற கடுமை மிக்க பொருள்களாக மாறுகின்றது. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளைக் கொல்ல இவற்றையே படைக்கலமாக ஏவுகின்றன. ஆகவே, இவை முற்றும் தீயன அல்ல. அடுப்பில் நிற்கும் தீ சோறு சமைக்கும்; கூரையைப் பற்றிய தீ வீட்டை அழிக்கும். இவையும் அத்தகையனவே.

இத்தீயை அளவோடு நிறுத்தும் காவலரும் நம் உடலில் உளர். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி, சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் என்னும் நொதி அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். குளுட்டாதையோன் என்னும் பொருளும் இப்பணிக்குத் துணைபுரியும். முதலிற் கூறிய நொதியின் தொழிலை 1969-இல் அமெரிக்க அறிஞர்களாகிய மக்கார்டும் பிரிடோவிச்சும் வெளிப்படுத்தினர். சூப்பராக்சைடு மூட்டுநீரின் கொழகொழப்பைக் கெடுப்பதையும், அந்நொதி அதனைக் காப்பதையும் 1974-இல் மக்கார்டு ஆய்ந்து காட்டினார்.

முடக்குவாதத்திலோ, வெள்ளணுக்கள் மூட்டினுள் பெருந்திரளாகக் கூடி இத்தீயை இடையறாது மூட்டுகின்றன. காவலர் சிலராக, பகைவர் பலராகின்றனர். மூட்டுநீர் நீர்த்துப்போகின்றது, குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன, வீக்கம் மேலும் வளர்கின்றது.

நெல்லிக்கனி, கொய்யா, முருங்கைக்கீரை முதலியவற்றில் உள்ள உயிர்ச்சத்துகள் அக்காவலர்க்குத் துணையாவன. புகையிலைப் புகையோ பகைக்குத் துணையாவது. ஆயினும், நல்லுணவு ஒன்றினாலேயே இந்நோய் தீரும் என எண்ணுதல் பெரும்பிழை. மயங்கிய காவற்படையை அடக்கும் மெத்தோடிரெக்சேட் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் உண்ணுதல் வேண்டும். உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

மாணவர்களே! காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரம் ஆகியும் விரல்கள் விறைப்பு நீங்காதிருத்தல், இரு கைகளின் மூட்டுகளும் ஒருசேர வீங்குதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். உங்கள் இல்லத்தில் அன்னையோ பாட்டியோ இவ்வாறு துன்புற்று, “வேலை செய்த வலிதானே” என்று பொறுத்திருந்தால், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே மருந்து உண்போர் பலர், முன்போலவே தம் தொழிலைச் செய்து வாழ்கின்றனர். அறுந்த இழையை முடிந்து நெசவைத் தொடரலாம். அரிக்கப்பட்ட மூட்டைப் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. ஆதலின், வருமுன் அறிந்து காத்தலே அறிவுடைமை.