வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

தாதர் கடைவீதியில் பளபளப்புக்குப் பஞ்சமில்லை. எது நீடித்து உழைக்கும் என்பது பொருளின் அடிப்பக்கத்தில்தான் தெரியும்.

தாதர் ஸ்டேஷனில் மேற்கே இறங்கினால் ரானடே ரோடு. கிழக்கே இறங்கி நடந்தால் ஹிந்துமாதா துணிக் கடைகள். மத்திய ரயிலும் மேற்கு ரயிலும் சந்திக்கும் இடம் என்பதால் மாட்டுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இங்கேதான் கழியும். கையில் போனஸ் பணம். முதுகில் கூட்டத்தின் தள்ளல். பொருளை நிதானமாகப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆனால் வேலை செய்யாத மிக்ஸியைப் போட்டு வைக்கப் பரண்கூட இல்லாத ஊர் இது. தவறான பொருளை வாங்கினால் பணமும் போச்சு, இடமும் போச்சு.

நானும் அப்படிப் போனவன்தான். பண்டிகைத் தள்ளுபடியில் சிவப்பு நிற மிக்ஸி ஒன்று வாங்கினேன். கம்பெனி எது என்பது இப்போது முக்கியமில்லை. இரண்டு வருடத்தில் கப்ளரின் பல் உடைந்தது. அந்த மாடலே நின்றுபோய்விட்டதாம். எக்ஸ்சேஞ்சில் புதிதாக வாங்கிக்கொள்ளும்படி சர்வீஸ் சென்டரில் அன்போடு சொன்னார்கள். மோட்டார் கல்லுக்குண்டாக இருந்தது.

இத்தனைக்கும் இந்திய மிக்ஸியின் கதையில் மும்பைக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் இங்கே சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில், ஜெர்மன் தயாரிப்பான பிரவுன் மிக்ஸி பழுதானது. அதைச் சரிசெய்ய இந்தியாவில் வழியில்லை. ஐரோப்பியச் சமையலறையில் பழக்கூழ் அடிக்கப் பிறந்த இயந்திரம் ஊறிய உளுந்திலும் காய்ந்த மஞ்சளிலும் திணறியதில் என்ன ஆச்சரியம்? நம் ஊர் அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரை வைத்து மாத்தூர் உருவாக்கியதுதான் சுமீத். 1970களிலும் 80களிலும் தமிழ்க் கல்யாணச் சீர்வரிசையில் அதற்குத் தனி மரியாதை. 2000களில் அந்தப் பெயரின் செல்வாக்கு மங்கிவிட்டது. ஆனால் பழைய சுமீத்தை இன்னமும் ஓட்டுகிற வீடுகள் உண்டு.

எப்படி ஓடுகிறது? தேய்கிற பாகத்தை மட்டும் மாற்றி மாற்றித்தான். மிக்ஸியில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். பிறகு ஜாருக்கு அடியில் உள்ள புஷ். அப்புறம் கப்ளர். ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டார் எரிவதற்குப் பதில் விலை குறைந்த கப்ளர் உடையட்டும் என்பதுதான் கணக்கு. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஐந்து வருட வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்குத்தான். சீக்கிரம் கெடுகிற பாகங்கள் அதில் வராது. எனவே கடையில் எத்தனை வாட்ஸ் என்று கேட்பதோடு நிற்காமல், இந்த மாடலுக்குக் கப்ளரும் புஷ்ஷும் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன என்று கேளுங்கள். விற்பனையாளர் விழித்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம். (இன்னொன்று: மிக்ஸி திடீரென நின்றால் அடியில் சின்னப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதிக பாரத்தால் துண்டித்துக்கொள்ளும் சுவிட்ச் அது. சற்று ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். அதற்காக ரிப்பேர் கடைக்கு ஓடியவர்கள் ஏராளம்.)

குக்கருக்கும் இதே சூத்திரம். கேஸ்கெட், சேஃப்டி வால்வு, கைப்பிடி மூன்றும் தெருமுனைக் கடையில் கிடைத்தால் அது பேத்தி காலம்வரை வரும். 2021 முதல் வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாததை விலை குறைவு என்று வாங்குவது வம்பு.

எவர்சில்வரில் ஏமாற்று வேறு விதம். காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த ரகம் என்பது பல மாமிகளின் நம்பிக்கை. பாதிதான் சரி. 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் கொண்ட 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது! மும்பையின் உப்புக் காற்றிலும், உப்புப் போட்ட புளிக்கரைசலை இரவெல்லாம் விட்டு வைக்கும்போதும் புள்ளி புள்ளியாகத் துருப் பிடிப்பதில் 202தான் முந்தும். அடியில் 304 என்று பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதும், அதைப் பில்லில் எழுதி வாங்குவதும் காந்தத்தைவிட நல்ல சோதனை.

துணிக்கு வருவோம். இந்த வட்டாரமே ஒரு காலத்தில் நெசவாலைகளின் கோட்டை. 1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தாதர் கோஹினூர் மில் நிலத்தில் இன்று வானளாவும் கட்டிடம். துணி வெளியூரிலிருந்து மூட்டையாக வருகிறது. நூலைப் பற்றிக் கவுண்டர் பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் ரவிக்கைத் துணி வாங்குகிற பெண்களுக்குத் தெரியும். 'டூ பை டூ' ரூபியா என்று கேட்டு வாங்குகிறார்களே, அதன் பொருள் பாவிலும் ஊடையிலும் இரட்டை நூல் முறுக்கி நெய்தது என்பது. ஒற்றை நூல் துணி அக்குளில் கிழியும்போது இது தாங்கும். சட்டைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவு அடர்த்தி கண்ணுக்குத் தெரியும். இரண்டு விரலில் கசக்கினால் வெள்ளைத் தூள் உதிர்கிறதா? அந்த மொடமொடப்பு வெறும் கஞ்சி. முதல் சலவையில் போய்விடும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயத்தின் யோக்கியதை தெரியும். ரெடிமேட் என்றால் உள்பக்கத்தைத் திருப்பித் தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நூலளவு விட்டிருந்தால் அடுத்த வருடம் பிரித்துப் போட முடியாது.

2022 டிசம்பர் 24ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரி பாகம், சர்வீஸ் விவரங்களை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். என் மிக்ஸிக்கு அதற்குள் மாட்டுங்காவில் ஒரு ரிப்பேர்க்காரர் வேறு கம்பெனிக் கப்ளரை அரத்தால் ராவிப் பொருத்திக் கொடுத்துவிட்டார். சட்னி அரைகிறது. சத்தம்தான் பக்கத்து ஃபிளாட்வரை கேட்கிறது.