பழகிப்போன எழுத்தும் ஏமாற்றிய பேருரையும்

ஒரு காலத்தில் பார்வையையே மாற்றிய கிராஃபிக் டிசைனர் மேடையேறுகிறார் என்றால் அரங்கு நிரம்பிவிடும். மும்பையில் இதற்கு வாய்ப்பு அதிகம். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு அருகே சர் ஜே.ஜே. பயன்பாட்டுக் கலைக் கல்லூரி இருக்கிறது, பவாய் ஐ.ஐ.டி.யில் 1969 முதல் வடிவமைப்புத் துறை இயங்குகிறது. தாராவி, செம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் லோக்கல் பிடித்து வந்து கேட்கிறார்கள். பல பேருரைகள் ஏமாற்றத்தில்தான் முடிகின்றன. திரையில் வரிசையாகப் படங்கள் ஓடும். எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி, என்ன விருது என்று படத்துக்கு ஒரு வரி. “இதில் என்ன புதுசு? எல்லாரும் செய்வதுதானே?” என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழும்.

முணுமுணுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாரும் செய்கிறார்கள் என்பதே அந்த வடிவம் வென்றதற்கு அடையாளம். அமெரிக்காவின் டேவிட் கார்சன் சமூகவியல் படித்தவர். 1992இல் தொடங்கிய ‘ரே கன்’ இசைப் பத்திரிகையில் வரிகளை உடைத்தார், எழுத்தின்மேல் எழுத்தை ஏற்றினார். சலிப்பூட்டியது என்று தோன்றிய ஒரு பாடகரின் பேட்டியை 1994இல் வெறும் குறிகளாலான எழுத்துருவில் அச்சிட்டுவிட்டார்; ஒரு வரிகூடப் படிக்க முடியாது. அன்று அது அதிர்ச்சி. பின்னர் அந்தப் பாணி விளம்பரங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் பரவி, பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குச் சலித்தது. இன்று கணினியின் முன் வளர்ந்த மாணவருக்கு அதை வெறுமனே காட்டினால் வியப்பு வராது.

தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் மும்பைக்காரர் ஆர்.கே. ஜோஷி (1936–2008). விளம்பரத் துறையில் பணியாற்றி, பின்னர் பவாயில் ஆசிரியராக இருந்த எழுத்துக் கலைஞர். விண்டோஸ் 2000இல் தேவநாகரிக்கு ‘மங்கள்’, தமிழுக்கு ‘லதா’ என்று வந்த எழுத்துருக்கள் அவருடைய வழிகாட்டலில் உருவானவை. அக்காலத்து விண்டோஸில் தமிழில் தட்டச்சு செய்த பலரும் லதாவைப் பார்த்திருப்பார்கள். கணினியோடு தானாக வந்தது என்பதாலேயே அதைச் சாதாரணம் என்று ஒதுக்குவோரும் உண்டு.

ஆனால் அதன் சிக்கலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பள்ளியில் ‘ரெண்டு சுழி ன, மூணு சுழி ண’ என்று சொல்லித் தருவார்கள். அக்காலத்துக் கணினித் திரையில் சிறிய அளவு எழுத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு புள்ளி உயரம்தான். அதற்குள் மூன்று சுழியும் தெரிய வேண்டும். வளைவுகளுக்கு இடையே ஒரு புள்ளியாவது வெள்ளை மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் ண கறுப்புத் திட்டாகிவிடும், ன-வுக்கும் ண-வுக்கும் வேறுபாடு போய்விடும். லதாவின் சீரான கோட்டுத் தடிமனும் அகன்ற வளைவுகளும் இத்தகைய திரைக்குப் பொருந்துபவை. முடிந்த எழுத்துருவை மட்டும் திரையில் காட்டினால் இந்த நெருக்கடியில் எதுவும் தெரியாது. திட்டாகிப்போன ண ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

பவாயில் படித்த கள்ளக்குறிச்சிக்காரர் டி. உதயகுமாரின் ரூபாய்க் குறியும் அப்படியே. 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற அந்தக் குறி அதே ஆண்டு யூனிகோடிலும் சேர்ந்தது. தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றாக இணைந்த வடிவம் அது. மேலே இரண்டு கிடைக்கோடுகள். இன்று மாட்டுங்கா பூக்கடை முதல் தாராவி தொண்ணூறு அடி ரோட்டு ஃப்ளெக்ஸ் பலகை வரை விலைப்பட்டியல் எழுதுவோர் அதைப் பிறவிக் குறிபோலப் பயன்படுத்தலாம். அதை வரைந்தவர் எண்களுக்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்கவும், கையால் சட்டென்று எழுதவும் வழி தேடியிருக்க வேண்டும் என்பது முடிவைப் பார்க்கும் கண்ணுக்குப் படாது.

ஆகவே பழைய பெரியவர்களின் பேருரை சோர்ந்துபோவதற்கு வயது காரணமல்ல. விருதுப் பட்டியலைக் காட்டி, கசக்கிப்போட்ட தாள்களை வீட்டிலேயே விட்டு வருவதுதான் காரணம். கேள்வி நேரத்தில் யாராவது “வாடிக்கையாளர் எதைத் திருப்பி அனுப்பினார்?” என்று கேட்டால், பேச்சாளர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் வரைய ஆரம்பிப்பதும் உண்டு. அரங்கம் காத்திருந்த உரை பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது.