நீர்த்தெள்ளின் தீர்ப்பு

அந்தமான் ஓடைகளுக்கு மழையே தாய். ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரும் தனிகாரி அணையில் தேங்கும் மழைநீரையே பெரிதும் பருகுகிறது. நீர் தேங்குமிடத்தில் கொசுவும் பெருகும். கொசுப்புழுவைக் கொல்ல ‘அபேட்’ எனப்படும் டெமிபாஸ் மருந்தை இடுவது நம் நாட்டு வழக்கம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இதனை இடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அது மனிதனுக்கு வகுத்த வரம்பு. நீர்வாழ் சிற்றுயிர்களின் கதி என்ன?

இதனை அறியச் சோதனை ஒன்றுண்டு. பிறந்து 24 மணி நேரம் நிறையாத ‘டாப்னியா’ என்னும் நீர்த்தெள்ளுகளை, மருந்தை ஐந்து அளவுகளில் கலந்த நீரில், அளவுக்கு 20 வீதம் விடுவர். ஒப்பிடுவதற்காக மருந்தில்லா நீரிலும் 20 விடுவர். இரை இடுவதில்லை. 48 மணி நேரம் கழித்துக் கலத்தை மெல்ல அசைப்பர். 15 விநாடிக்குள் நீந்தாதவை செயலிழந்தவை. பாதி உயிர்களைச் செயலிழக்கச் செய்யும் அளவே விடை.

டெமிபாஸ் 1 மில்லிகிராமுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நீர்த்தெள்ளை வீழ்த்திவிடுகிறது. கொசுப்புழுவைப் போலவே அதன் நரம்பையும் தாக்குகிறது. பாசியை மேய்வதும், மீன்குஞ்சுக்கு இரையாவதும் இச்சிற்றுயிரே. ஆகவே, நண்பர்களே, தொட்டிக்குத் தக்க மருந்து ஓடைக்கும் தக்கதென்று கொள்ளலாகாது!