முகவரி யார் கையில்?

இணையத்தில் இயங்கும் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன முகவரி உண்டு. மனிதர் நினைவில் நிற்பதோ பெயர். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் முறைமை. அமெரிக்கக் கணினி அறிஞர் போல் மொக்கபெட்ரிஸ் 1983இல் இதை வடிவமைத்தார். அதற்கு முன்பு வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அதன் பிரதிகள் எங்கும் அனுப்பப்பட்டன. கணினிகள் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை.

லிந்துலையில் ஒருவர் கைத்தொலைபேசியில் 'டொட் எல்கே' என்று முடியும் பெயரொன்றைத் தட்டினால், அந்தக் கேள்வி முதலில் அவருக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையகத்துக்குப் போகிறது. விடை அதன் நினைவில் இல்லையென்றால் அது உலகப் பொதுவான வேர்ச் சேவையகத்தைக் கேட்கும். அங்கிருந்து எல்கே பதிவகத்துக்கும், அங்கிருந்து குறித்த தளத்தின் சேவையகத்துக்கும் வழி காட்டப்படும். கடைசியில் எண் கிடைக்கிறது. இவ்வளவும் கண் இமைக்கும் பொழுதில் முடிந்துவிடும்.

லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேரும் நிலையை மலையகம் நன்கு அறியும். இடையில் இருப்பவர் தாமதித்தால் கடிதம் பிந்தும். கை மாறினால் வேறொருவரிடம் போய்விடும். உறையைப் பார்த்தாலே எவர் எவருக்கு எழுதுகிறார் என்பது தெரிந்துவிடும். டிஎன்எஸ் பாதுகாப்பிலும் இதே மூன்று கேள்விகள்தான் எழுகின்றன.

விடை வராமல் போனால்

2016 ஒக்டோபர் 21ஆம் திகதி, பல பெரிய தளங்களுக்கு டிஎன்எஸ் சேவை வழங்கிய டைன் என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. மிராய் என்ற தீநிரல் தொற்றிய வீட்டுக் கமராக்களும் ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் அதன்மேல் கேள்விகளைக் குவித்தன. டுவிட்டர், ஸ்பொட்டிஃபை, நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பழுதின்றி இருந்தும், அவற்றின் முகவரியைச் சொல்ல ஆள் இல்லாததால் பலருக்குக் கிடைக்காமல் போயின.

விடை மாற்றப்பட்டால்

இதற்கான உதாரணம் இலங்கையிலேயே உண்டு. 2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. கூகுளின் இலங்கை முகவரி உட்பட, எல்கே என்று முடியும் சில பெயர்களைத் தட்டியவர்கள் முற்றிலும் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நிலை, ஊடகச் சுதந்திரம், சிறுபான்மையினரின் பிரச்சினைகள் ஆகியவை அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. சுதந்திர தினம் கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்து ஒரு நாள் ஆகியிருந்தது. எல்கே பெயர்களை 1990 முதல் நிர்வகித்துவரும் பதிவகம் அன்றே கோளாறைச் சரிசெய்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் சம்பவத்தை உறுதிப்படுத்தியது.

அந்தப் பக்கத்தில் சொல்லப்பட்ட தொழிலாளர் குறை உண்மையானது. ஆனால் கூகுளின் பெயரைத் திருப்ப முடிந்தால், ஒரு வங்கியின் பெயரையும் அதே விதமாகத் திருப்பலாம். அப்போது வாசகரின் கண்ணுக்குக் கோரிக்கை தெரியாது. அவரது கடவுச்சொல்லைக் கேட்கும் போலிப் பக்கமே தெரியும்.

விடைகளைப் போலியாகப் புகுத்துவது எவ்வளவு எளிது என்பதை டான் கமின்ஸ்கி என்ற ஆய்வாளர் 2008இல் காட்டினார். அதற்கு எதிரான முக்கியமான காப்பு டிஎன்எஸ்செக். ஒவ்வொரு விடையும் மின்கையொப்பத்துடன் வரும். கையொப்பம் பொருந்தாவிட்டால் விடை ஏற்கப்படாது. வேர்ச் சேவையகங்கள் 2010 ஜூலையில் இந்த முறைக்கு வந்தன. ஆனால் பதிவகத்திலோ பெயரின் உரிமையாளர் கணக்கிலோ ஒருவர் புகுந்து பதிவையே திருத்திவிட்டால் கையொப்பம் மட்டும் காப்பாற்றாது. அதனால்தான் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும், நேரடி உறுதிப்படுத்தல் இன்றிப் பதிவை மாற்ற விடாத பதிவகப் பூட்டும் வேண்டியிருக்கின்றன.

உறையைப் பிறர் பார்த்தால்

வழக்கமான டிஎன்எஸ் கேள்வி மறைகுறியாக்கம் இன்றியே பயணிக்கிறது. பக்கத்தின் உள்ளடக்கம் மறைக்கப்பட்டிருந்தாலும், ஒருவர் எந்தத் தளத்தைத் தேடினார் என்பது இணைப்பு வழங்குபவருக்கும் வழியில் ஒட்டுக் கேட்பவருக்கும் தெரியும். நோய், கடன், தொழிற்சங்கம் என அவர் தேடும் பெயர்களே அவருடைய வாழ்க்கையைச் சொல்லிவிடும். கேள்வியை மறைத்து அனுப்பும் இரண்டு நெறிமுறைகள் 2016இலும் 2018இலும் தரப்படுத்தப்பட்டன. 2018இல் வந்த ஆண்ட்ரொய்ட் 9 முதல், கைத்தொலைபேசியின் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது இணைப்பு வழங்குபவரிடமிருந்து கேள்வி மறைகிறது. விடை தரும் நிறுவனத்துக்கு அது தெரியத்தான் செய்யும். ஆகவே எந்த நிறுவனத்தை நம்புவது என்பதை யோசித்தே தெரிவு செய்ய வேண்டும்.

குரலுக்கும் ஒரு முகவரி

பொட்காஸ்ட் ஒலிபரப்புகள் முழுக்க இந்த ஏற்பாட்டின்மேல்தான் நிற்கின்றன. நிகழ்ச்சியின் ஒலிக்கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லும் ஆர்எஸ்எஸ் என்ற சிறு பட்டியல் ஓர் இணைய முகவரியில் இருக்கும். நேயர்களின் செயலிகள் அந்தப் பட்டியலை அடிக்கடி பார்த்துப் புதிய நிகழ்ச்சியைக் கொண்டுவருகின்றன. பெயரைப் புதுப்பிக்க மறந்தால் அது காலாவதியாகும். வேறொருவர் அதை வாங்கி, அதே முகவரியில் தன் ஒலியை வைக்கலாம். பல காலமாகச் சேர்த்த நேயர்களின் கைத்தொலைபேசிகளுக்கு அந்நியர் குரல் தானாகப் போய்ச் சேரும். பட்டியலில் உரிமையாளரின் மின்னஞ்சலும் எழுதப்பட்டிருந்தால் அது எவரும் படிக்கக்கூடியது. தோட்ட நிர்வாகத்தின் குறைகளைப் பேசும் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலை அங்கே இட்டால், தானே தன்னைக் காட்டிக்கொடுத்தவராவார்.

மலையகத்தின் சம்பளமும் காணியும் வீடும் அதன் சொந்தக் குரலிலேயே பேசப்பட வேண்டியவை. அந்தக் குரலுக்கான பெயரை ஒரு தனி ஆளின் கணக்கில் விட்டுவைக்காமல், நிகழ்ச்சியை நடத்தும் சங்கத்தின் பெயரிலேயே பதிய வேண்டும். 2010 முதல் 'டொட் இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கும் வழியுண்டு. கணக்கின் பொறுப்பு குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு, தானியங்கிப் புதுப்பித்தல், நிகழ்ச்சிக்கெனத் தனி மின்னஞ்சல் ஆகிய மூன்றும் முதல் நிகழ்ச்சி வெளிவரும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.