பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய போர்டு

மாட்டுங்காவில் இருந்த என் நண்பர் ஒருவர் 1978-இல் தம் கையாலேயே ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அவர் காலமான பிறகு அது ஊமையாகிப் பரணுக்குப் போய்விட்டது. "பையன் புதுசா வாங்கித் தரேங்கறான், அண்ணா. ஆனா இது அவர் கையால பண்ணினது" என்று சொல்லி, அவருடைய மனைவி அதை என்னிடம் ஒப்படைத்தார். ரயில்வே சிக்னல் பகுதியில் ரிலேக்களோடு காலம் தள்ளியவன் என்ற தைரியத்தில் நானும் வாங்கிக்கொண்டேன்.

திறந்து பார்த்தேன். ஸ்பீக்கரை இயக்கும் 2என்3055 டிரான்சிஸ்டர்கள் நான்கில் ஒன்று ஷார்ட். லாமிங்டன் ரோடில் புதிதாக நான்கு வாங்கி மாற்றினேன். பாட்டு வந்தது. பெருமையோடு திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே ஒரு ட்வீட்டர் கருகிவிட்டது. பாட்டே போடாதபோதும் ஹீட் சிங்க் தொட முடியாத சூடு!

தவறு என்னுடையதுதான். பழைய 2என்3055-க்கும் இன்று கிடைப்பதற்கும் பெயர் ஒன்று. 60 வோல்ட், 15 ஆம்பியர் என்ற அளவும் ஒன்று. ஆனால் உள்ளே இருக்கும் சிலிக்கனைத் தயாரிக்கும் முறை மாறிவிட்டது. பழையது மந்தமானது, புதியது பல மடங்கு வேகமானது. அந்த மந்தத்தை நம்பி அமைத்த பழைய போர்டில் வேகமான டிரான்சிஸ்டரைப் போட்டதும், ஆம்ப்ளிஃபயர் தானாகவே காதுக்கு எட்டாத அதிர்வை உண்டாக்கத் தொடங்கிவிட்டது. ஆஸிலோஸ்கோப்பில் அது கண்ணுக்குத் தெரிந்தது. பழைய தண்டவாளத்தில் அதிவேக எஞ்சினை ஓட்டிய கதைதான். மாற்ற வேண்டியது தண்டவாளம்.

ஆகவே போர்டைப் புதிதாக வரைந்தேன். பழுப்பு நிறப் பழைய தகட்டில் செம்புக் கோடுகள் உரிந்திருந்தன. ரெசிஸ்டர்களின் அளவும் ஏறியிருந்தது. புதியது கிளாஸ் எபாக்ஸி. டிரான்சிஸ்டர்களுக்குப் போகும் வயர்களைக் குறுக்கினேன். சப்ளை கோட்டில், டிரான்சிஸ்டர்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் வைத்தேன். வெளியீட்டில் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்த்தேன். அதிர்வை அடக்குவது இதன் வேலை. ஸ்பீக்கர் கரண்ட் திரும்பும் எர்த்தையும் உள்ளீட்டு எர்த்தையும் தனித்தனியாக ஓட்டி, பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் அருகே ஒரே புள்ளியில் சேர்த்தேன். ஹம் இரைச்சல் இதனால் குறைந்தது.

டிரான்சிஸ்டர் சூடேறினால், அதே பேஸ் வோல்டேஜுக்கு அதிகக் கரண்ட் இழுக்கும்; கரண்ட் கூடினால் சூடும் கூடும். இந்தச் சுழலைத் தடுக்க, பயாஸைக் கட்டுப்படுத்தும் சிறு டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கிலேயே பொருத்தினேன்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் உண்டு. அதை எடுத்துவிட்டால் ஒலி மேம்படும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எடுக்க மனம் வரவில்லை. சிக்னல் வேலையில் முதல் பாடம், பழுது ஏற்பட்டால் சிவப்பு விளக்குதான் எரிய வேண்டும் என்பது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் டி.சி. மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பது அந்தக் கெப்பாசிட்டர்தான். முதல் பழுதில் ஸ்பீக்கர் தப்பியதும் அதனால்தான்.

புதிய போர்டுக்கு முதன்முதலில் மின்சாரம் கொடுத்தபோது, 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட் என்று பொருள். மங்கியது! 56 வோல்ட் சப்ளையில், வெளியீட்டின் நடுப்புள்ளி சரிபாதியாக 28 வோல்ட் காட்டியது. 0.22 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் வரும்வரை பயாஸைத் திருப்பினேன். அதாவது சுமார் 45 மில்லிஆம்பியர். ஒரு மணி நேரம் கழித்தும் ஹீட் சிங்க் வெதுவெதுப்பாகவே இருந்தது. ஆஸிலோஸ்கோப்பில் அதிர்வு இல்லை.

கருகிய ட்வீட்டருக்குப் பதில் வேறொன்று என் செலவில் வாங்கிப் பொருத்தினேன். பழைய போர்டைத் தூக்கி எறியவில்லை. அதில் நண்பர் பென்சிலால் எழுதிய வோல்டேஜ் எண்கள் இருந்தன. அதை ஒரு கவரில் போட்டு, ஆம்ப்ளிஃபயரோடு அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் முதலில் பிரித்துப் பார்த்தது அந்தக் கவரைத்தான்.