சம்பளத்தில் கட்சிக்குப் பங்கு!

அரசாங்க உத்தியோகம் வேண்டுமா? கட்சிக்குப் பணம் கொடு! கொடுக்க மாட்டாயா? வீட்டுக்குப் போ!

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதுதான் நிலைமை. தேர்தலில் ஜெயித்த கட்சி, அரசாங்க வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது. வேலை கொடுத்த கட்சி சும்மா இருக்குமா? அடுத்த தேர்தல் வந்ததும் சிப்பந்திகளிடம் கையை நீட்டியது.

ஆண்டுச் சம்பளத்தில் 100-க்கு 2 வீதம் கேட்பது வழக்கம். "நன்கொடை" என்றுதான் அதற்குப் பெயர். ஆனால், கொடுக்காதவருக்கு வேலை நிலைக்குமா என்பது சந்தேகம்! குழந்தை குட்டிக்காரர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு கொடுத்தார்.

சுங்க அலுவலகம்

நியூயார்க் சுங்க அலுவலகம் இந்த வசூலுக்குப் பேர்போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 1871 முதல் 1878 வரை அதற்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர் செஸ்டர் ஆர்தர். அவர் காலத்திலும் சிப்பந்திகளின் பணம் கட்சிக்குப் போயிற்று.

1877-ல் ஜனாதிபதி ஹேய்ஸ் இந்த வசூல் கூடாது என்று உத்தரவு போட்டார். மறு ஆண்டு ஆர்தரைப் பதவியிலிருந்து நீக்கினார். அப்படியும் வசூல் நிற்கவில்லை.

ஜனாதிபதி சுடப்பட்டார்

1881 ஜூலை 2-ந் தேதி. புதிய ஜனாதிபதி கார்பீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்துக்கு வந்தார். ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். கட்சிக்கு உழைத்த தனக்கு உத்தியோகம் தரவில்லையே என்று அவனுக்கு ஆத்திரம்! செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு இறந்தார்.

உத்தியோகத்தைப் பங்கு போடும் வழக்கம் ஒழியவேண்டும் என்று நாடு கொதித்தது. துணை ஜனாதிபதியாக இருந்தவர் ஜனாதிபதி ஆனார். அவர் யார் தெரியுமா? அதே ஆர்தர்!

1883 ஜனவரி 16-ந் தேதி அவரே புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசாங்கக் கட்டிடத்துக்குள் கட்சி வசூல் கூடாது. பணம் தராததற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்கக்கூடாது. சில வேலைகளுக்குப் பரீட்சை வைத்தே ஆள் எடுக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம்.

கம்பெனிப் பணம்

சிப்பந்திகளின் பணம் குறைந்தது. கட்சிகள் பெரிய கம்பெனிகளை நாடின. 1907-ல் அதற்கும் ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் நிற்கும் வேட்பாளருக்குக் கம்பெனி நேரடியாக நன்கொடை கொடுக்கக்கூடாது. இன்றும் அந்தத் தடை உண்டு.

ஆனால், கம்பெனியில் வேலை செய்பவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுக்கலாம். ஒரு தேர்தல் காலத்தில் 200 டாலருக்கு மேல் கொடுத்தால், அவர் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் கணக்கில் வெளியாகும். "இந்தக் கம்பெனி இவ்வளவு கொடுத்தது" என்று வரும் செய்திகளில் பலவும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்தவைதான். அது பெரும்பாலும் கம்பெனியின் பணம் அல்ல. அங்கே வேலை பார்ப்பவர்கள் தனித்தனியே கொடுத்த பணம்!

வேலை செய்யும் இடத்தை ஏன் கேட்கிறார்கள்? ஒரே கம்பெனி ஆட்கள் பலர், ஒரே நாளில், ஒரே தொகை கொடுத்தால் சந்தேகம் வரும் அல்லவா? "நீ கொடு, நான் திருப்பித் தருகிறேன்" என்று முதலாளி சொல்லிக் கொடுக்க வைத்தால் அது குற்றம். சிறைத் தண்டனையும் கிடைக்கும்.

சம்பளம், உழைத்தவருடைய பணம். அதை எந்தக் கட்சிக்குக் கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யவேண்டும். மேலதிகாரிக்கு அதில் வேலை இல்லை!